எத்தனை முறை பெட்டி கட்டுவீர்கள்?

பயணம்: கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு வயது 66, என் கணவருக்கு 71. இருவரும் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகள் லண்டனில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதே ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு வரலாம் என்று ஆசை. வரும் ஜூலைக்கு நாங்களே ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். லண்டனில் 5 இரவு, பாரிஸ் 2, ஆம்ஸ்டர்டாம் 2, பிராங்பர்ட் 1, சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் 2, வெனிஸ் 1, பிளாரன்ஸ் 1, ரோம் 2. அங்கிருந்து சென்னைக்கு விமானம். மொத்தம் 16 இரவு. அவர் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்கு மூட்டு வலி உண்டு. ஆனால் நடக்க முடியாத அளவுக்கு இல்லை. எங்கள் திட்டம் சரியா? விசா, இன்சூரன்ஸ் போன்றவற்றில் எதை முதலில் செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ஊர்கள் எல்லாமே பார்க்க வேண்டியவைதான். சிக்கல் நாட்கணக்கில் இருக்கிறது. ஓர் ஊரில் இரண்டு இரவு தங்கினால் அந்த ஊருக்கு இரண்டு நாள் கிடைக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கிடைப்பது ஒரு நாள்தான். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் பெரும்பாலும் வழியிலேயே போய்விடும். ஒரே ஓர் இரவு தங்கினால் முழு நாள் ஒன்றுகூடத் தேறாது. இப்படிக் கணக்குப் போட்டால் உங்கள் திட்டத்தில் லண்டனுக்கு 4 முழு நாள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லூசெர்ன், ரோம் நான்குக்கும் தலா ஒரு நாள். பிராங்பர்ட், வெனிஸ், பிளாரன்ஸ் மூன்றுக்கும் ஒன்றுமில்லை. 16 இரவு வெளியூரில் தங்கி, லட்சக்கணக்கில் செலவழித்து, உங்கள் கையில் நிற்பது 8 முழு நாள். அதிலும் பாதி மகள் வீட்டில் இருக்கும் நாட்கள். ஆகவே என் பதிலின் சாரம் இதுதான்: இந்த வயதில் பயணத்தை ஊர்களின் எண்ணிக்கையால் திட்டமிடக் கூடாது; எத்தனை முறை பெட்டி கட்டிக்கொண்டு இடம் மாறுகிறோம் என்பதால் திட்டமிட வேண்டும். உங்கள் திட்டத்தில் அப்படி ஏழு மாற்றங்கள். அவற்றை இரண்டாகக் குறைக்க வேண்டும் என்பது என் யோசனை.

ஓர் இடமாற்றத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை லண்டன் - பாரிஸ் பயணத்தை வைத்தே பார்க்கலாம். யூரோஸ்டார் ரயில் அந்தத் தூரத்தைச் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் கடக்கிறது. காகிதத்தில் பார்த்தால் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் போவதுபோலத் தோன்றும். ஆனால் லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் போய்விட வேண்டும். பெட்டிகளைச் சோதனைக் கருவியில் வைத்து எடுக்க வேண்டும். பிரெஞ்சு எல்லை அதிகாரிகள் லண்டன் நிலையத்திலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனுக்குள் நுழைகிறவர்களின் கைரேகையையும் முகப் படத்தையும் பதிவு செய்யும் முறை 2025 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ரயிலில் பெட்டியை ஏற்றுவதும் இறக்குவதும் நீங்களேதான். பாரிஸில் இறங்கி, டாக்ஸி பிடித்து விடுதிக்குப் போனால், பொதுவாகப் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். காலை 8 மணிக்கு மகள் வீட்டை விட்டுக் கிளம்பினால் கை கால் கழுவிக்கொண்டு உட்காரும்போது மாலையாகிவிடும். இத்தனைக்கும் இது ஐரோப்பாவிலேயே வசதியான பயணங்களில் ஒன்று. இதைப்போல ஏழு முறை, 17 நாளில்.

முப்பது வயதுக்காரருக்கும் இதே நேரம்தான் ஆகும் என்று சொல்லலாம். ஆகும், ஆனால் அவர் அன்று இரவு தூங்கி எழுந்தால் பழையபடி ஆகிவிடுவார். நமக்கு மறுநாள் காலையிலும் முழங்கால் ஞாபகப்படுத்தும். இன்னொன்று, நீங்கள் போவது இரண்டு பேர். ஒருவருக்குப் பத்து நாளில் ஒரு நாள் உடம்பு ஒத்துழைக்காமல் போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, சர்க்கரை ஏறி இறங்குவது, கால் வீக்கம், ஏதோ ஒன்று. அப்படியானால் இருவரும் ஒரே நாளில் நன்றாக இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 81. அதாவது ஏறக்குறைய ஐந்து நாளில் ஒரு நாள் இருவரில் ஒருவராவது ஓய்வு கேட்பார். 17 நாளில் சுமார் மூன்று நாள். உங்கள் திட்டத்தில் அந்த மூன்று நாளுக்கு இடமே இல்லை. இடம் மாறும் நாளில் ஒருவருக்கு முடியவில்லை என்றால், ரயில் டிக்கெட், அடுத்த ஊர் விடுதி, அதற்கடுத்த ரயில் என்று வரிசையாகச் சரியும். அதே சுகக்கேடு ஐந்து இரவு தங்கும் ஊரில் வந்தால் ஒரு நாள் அறையில் படுத்திருந்துவிட்டு, விட்டதை மறுநாள் பார்க்கலாம். ஒருவர் ஓய்வெடுக்க, மற்றவர் பக்கத்துப் பூங்காவுக்குப் போய்வரவும் முடியும். முதிய தம்பதியின் திட்டம் இருவருடைய மோசமான நாட்களையும் தாங்க வேண்டும். அதைத் தாங்குவது காலி நாட்கள் மட்டுமே.

மருத்துவச் சான்றுகளும் இதே பக்கம்தான் பேசுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தநாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விமானத்துக்கு மட்டுமன்றி ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயப்பட வேண்டாம், மொத்தத்தில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வரும் ஆபத்து அது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பயணம் முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து முழுதாகத் தணிவதில்லை; அதற்குள் அடுத்தடுத்து நீண்ட பயணங்கள் செய்தால் அது கூடுகிறது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானத்தில் போனாலே பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தக் களைப்பின் மேல் ஏழு பயணங்களை அடுக்க வேண்டாம். இன்சுலினுக்கும் இதே நியாயம். கோடையில் லண்டன் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது. வேளை மாறும்போது அளவை எப்படிச் சரிசெய்வது என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகாவது சாப்பாட்டு நேரம் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பது முக்கியம். ஒரே ஊரில் இருக்கும்போது அது தானாக அமையும். ரயில் அட்டவணைக்கு ஏற்பச் சாப்பிடும்போது அமையாது.

சரி, மாற்று என்ன? அதே 16 இரவை லண்டன் 6, பாரிஸ் 5, லூசெர்ன் 5 என்று பிரித்துக்கொள்ளுங்கள். இடமாற்றம் இரண்டே முறை. முழு நாட்கள் 5, 4, 4 என்று 13 கிடைக்கும். ஒரு நாள்கூட நீட்டிக்காமல், 8 நாள் 13 நாளாகிறது. மூன்று ஊர்தானா என்று தோன்றலாம். ஒவ்வோர் ஊரும் ஒரு மையம்; காலையில் கிளம்பி மாலையில் அதே கட்டிலுக்குத் திரும்பிவிடலாம், பெட்டி அறையிலேயே இருக்கும். லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸ்போர்டு ஒரு மணி நேரம். திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் தன் கடைசிக் காலத்தில் தமிழ் கற்பித்த ஊர் அது. அவருடைய கல்லறை அங்கே செயின்ட் செபல்கர் இடுகாட்டில் இருக்கிறது. தஞ்சைச் சீமையிலும் வாழ்ந்தவர் அவர். ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்கள் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. லண்டனுக்குள் சுரங்க ரயில் நிலையங்கள் 272. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில்தான் படி ஏறாமல் போய்வர முடியும். நகரப் பஸ்களோ எல்லாமே தாழ்தளப் பஸ்கள். உங்கள் முழங்காலுக்கு பஸ்தான் துணை. ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

பாரிஸிலும் அப்படியே. மெட்ரோவின் 14-ஆம் எண் பாதையைத் தவிர, பழைய பாதைகளில் பெரும்பாலான நிலையங்களில் படிகள் நிறைய. பஸ்ஸில் போங்கள், சேன் நதியில் படகில் போங்கள். நான்கு முழு நாளில் லூவ்ருக்கு ஒரு காலை, வெர்சாய் அரண்மனைக்கு ஒரு நாள் என்று நிதானமாகப் பிரிக்கலாம். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, வெர்சாய்க்குத் திங்கள் விடுமுறை; இரண்டு இரவு மட்டும் தங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். விடுதியை யூரோஸ்டார் வந்து நிற்கும் காரே து நோர் நிலையத்துக்கு அருகில் எடுத்தால், நடந்துபோகும் தூரத்தில் லா ஷப்பேல் பகுதி. ஈழத் தமிழர்களின் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன. மாணிக்க விநாயகர் கோயிலும் பக்கத்தில்தான். சைவச் சாப்பாட்டுக்கும் சர்க்கரை உள்ளவரின் வேளை தவறாத உணவுக்கும் அந்தப் பகுதி பெரிய வசதி. பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்காது. பதிவு செய்யும் முன் லிப்ட் உண்டா, எந்த மாடி என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பாரிஸிலிருந்து பாசல் வழியாக ரயிலில் லூசெர்னுக்குப் போக ஐந்து மணி நேரத்துக்குள் ஆகும். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. படகில் ஏறி விட்ஸ்நாவ் போய், அங்கிருந்து பற்சக்கர ரயிலில் ரிகி மலைக்குப் போகலாம். ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் பாதை அது, 1871-இல் திறந்தது. ரிகியின் உயரம் 1,798 மீட்டர். எல்லாரும் போகும் சுவிஸ் மலைத்தலமான யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அங்கே போக வேண்டாம். பனிமலை வரிசையை ரிகியின் மேலிருந்தும் கண் நிறையப் பார்க்கலாம். சுவிஸ் டிராவல் பாஸ் 4 நாளுக்குக் கிடைக்கிறது; உங்கள் 4 முழு நாளுக்கும் ரயில், படகு, ரிகி மலை ரயில் எல்லாம் அதில் அடங்கும். ஒரு நாள் பெர்னுக்குப் போனால் மதங்களின் இல்லம் என்ற கட்டடத்தைப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் பல மதங்களின் வழிபாட்டிடங்கள், அவற்றில் தமிழர்கள் நடத்தும் சைவக் கோயிலும் ஒன்று. லூசெர்னிலிருந்து சூரிக் விமான நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு. ஆகவே விமான டிக்கெட்டை சென்னை - லண்டன் போக, சூரிக் - சென்னை திரும்ப என்று ஒரே பதிவாக எடுங்கள். வந்த ஊருக்கே திரும்பிப் போய் விமானம் ஏறும் ஒரு நாள் இதில் மிச்சம். நடுவில் விமானம் மாறும் பகுதிகளும் ஒரே பதிவில் இருந்தால், ஒன்று தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பு.

மாதத்தையும் மாற்றுங்கள். 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் பிரான்ஸில் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள்; பெரும்பாலோர் முதியவர்கள். நாம் வெயிலுக்குப் பழகியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் குளிருக்காகக் கட்டிய வீடுகளில் மின்விசிறிகூட இல்லாமல் இரவைக் கழிப்பது நமக்கும் பழக்கமில்லை. ஜூலை, ஆகஸ்டு விடுமுறைக் காலமும்கூட. கூட்டமும் கட்டணமும் அதிகம். செப்டம்பர் நல்ல மாதம். விசாவுக்கும் அவகாசம் கிடைக்கும்.

விசா இரண்டு வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பிரிட்டனுக்கு 3 மாதம் முன்பிருந்துதான். ஷெங்கன் விண்ணப்பம் முடியும்வரை பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கும் என்பதால், அதை முதலில் முடித்துவிட்டு பிரிட்டனுக்குப் போடுவது வரிசை. ஷெங்கன் முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு, உங்களுக்கு பிரான்ஸ். இரண்டு நாட்டில் இரண்டு விடுதி என்பதால் காட்ட வேண்டிய காகிதமும் குறைவு. இரண்டு விசாவும் கைக்கு வரும்வரை பணம் திரும்பாத எந்தப் பதிவும் வேண்டாம். இன்சூரன்ஸ் ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டன் அப்படிக் கேட்பதில்லை, ஆனால் அங்கேயும் கட்டாயம் தேவை. அந்நாட்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் நம்மைப் போன்ற பார்வையாளர்களிடம் செலவில் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். இரண்டு பகுதிக்கும் செல்லும் ஒரே பாலிசி எடுங்கள். சர்க்கரையையும் மூட்டு வலியையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவுக்குப் பணம் தருவார்கள் என்ற பகுதியைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். பல பாலிசிகளில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும்தான் அது கிடைக்கும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுவிடலாம். மருத்துவர் கடிதத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கட்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். விமான நிலையங்களில் சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரம் முன்பே கேளுங்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சட்டப்படி அது இலவசம். நடக்க முடிந்தவர்களும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: நானும் மனைவியும் அறுபதைக் கடந்தவர்கள். நாமே திட்டம் போட்டு அலைவதைவிட, 12 நாளில் 8 நாடு காட்டும் குரூப் டூரில் போய்விடுவது மேல் அல்லவா? இந்தியச் சாப்பாடு, கூடவே மேனேஜர், செலவும் குறைவு என்கிறார்கள்.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: குரூப் டூரின் நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மொழி தெரியாத ஊரில் கூட ஒருவர் இருப்பது தைரியம். விசா வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெட்டி பஸ்ஸின் வயிற்றில் கிடக்கும். ரயில் படியில் தூக்கி ஏற்ற வேண்டியதில்லை. வெளிநாடே போகாதவர்களுக்கு முதல் பயணமாக அது தவறில்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கு குரூப் டூருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். 12 நாளில் 8 நாடு என்றால் ஏறக்குறைய தினமும் விடுதி மாறும். தினமும் காலையில் பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு 7 மணிக்குத் தயாராக நிற்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் ஒருவர் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரம்வரை ஓட்டலாம். அதாவது 9 மணி நேர பஸ் பயணம் சட்டத்துக்கு உட்பட்டதே. உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றிய மருத்துவ எச்சரிக்கை இங்கேதான் முழு அளவில் பொருந்துகிறது. எல்லாவற்றையும்விட, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் நாற்பது பேர் காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. முடியாதவரை விடுதியில் விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் இரவு தங்குவது வேறு ஊரில். காய்ச்சலோடு பஸ்ஸில் ஏறுவதைத் தவிர வழியில்லை.

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் வேனில் முடிப்பவர்களைக் காவிரிக் கரைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களுக்குத் தரிசனம் கிடைத்தது உண்மை, ஆனால் எந்தக் கோயிலின் பிராகாரத்தையும் சுற்றி வந்திருக்க மாட்டார்கள். எட்டு நாட்டுப் பயணமும் அப்படித்தான். வழிபாட்டுக்கு வந்தவர்களுக்கு அது போதலாம்; பார்க்க வந்தவர்களுக்குப் போதாது.

செலவு குறைவு என்பதையும் சோதித்துப் பாருங்கள். மொத்தத் தொகையை நாடுகளால் வகுத்தால் மலிவாகத்தான் தெரியும். பஸ்ஸில் உட்காராமல் ஊரில் நின்று பார்க்கக் கிடைக்கும் மணி நேரத்தால் வகுத்தால் வேறு விடை வரும். ஒரே ஊரில் ஐந்து இரவு தங்கும்போது சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். அரிசியும் தயிரும் வாங்கி ஒரு வேளை சமைத்தாலே சாப்பாட்டுச் செலவு கணிசமாகக் குறையும். துணி துவைக்க முடிவதால் ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி போதும். குரூப் டூரே வேண்டும் என்றால், நாடுகளின் பட்டியலைப் பார்க்காமல் இவற்றைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை விடுதி? ஒரே விடுதியில் தொடர்ந்து எத்தனை இரவு? எந்த நாளில் எத்தனை மணி நேரம் பஸ்? விடுதி ஊருக்குள்ளா, நெடுஞ்சாலை ஓரமா? ஒருவருக்கு முடியவில்லை என்றால் யார் கூட இருப்பார்? இரண்டு நாட்டை மட்டும் காட்டி, ஒவ்வொரு விடுதியிலும் மூன்று இரவாவது தங்கவைக்கும் டூர்களும் உண்டு. அதைத் தேர்ந்தெடுங்கள். டூர் கட்டணத்தோடு டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார்கள். அது தனியாக ரசீதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும்.

கேள்வி: எங்களுக்கு எழுபது வயது ஆகிவிட்டது. இனி ஒரு முறைதான் இப்படிப் போக முடியும். ஊர்களைக் குறையுங்கள் என்று நீங்கள் சொன்னால், ரோமையும் வெனிஸையும் பார்க்காமலேயே போய்விடுவோமே?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: என்னிடம் வரும் மறுப்புகளில் மனத்தைத் தொடுவது இதுதான், இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆம், சிலவற்றைப் பார்க்காமல் விடுவீர்கள். ஐரோப்பாவில் எட்டு ஊர் பார்த்தவரும் எண்பது ஊரைப் பார்க்காமல்தான் திரும்புகிறார். எதையாவது விடுவது உறுதி என்னும்போது, எதை விடுவது என்று நாமே முடிவு செய்கிறோமா, களைப்பு முடிவு செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு முறைதான் போக முடியும் என்றால், அந்த ஒரு முறை நன்றாக அமைவது இன்னும் அவசியமாகிறது. வெனிஸில் ஓர் இரவு என்பது சக்கரப் பெட்டியைப் பாலங்களின் படிகளில் தூக்கி ஏற்றி இறக்கும் இரண்டு பயணங்கள். நடுவில் ஒரு மாலை. அந்த ஊரில் கார் ஓடாது, டாக்ஸி வாசலுக்கு வராது. முழங்கால் வலிக்கும் ஒருவர் அந்த மாலையில் பார்ப்பது எவ்வளவு இருக்கும்?

ரோம்தான் உங்கள் ஆசை என்றால் ரோமுக்கே போங்கள். நான் பாரிஸையோ லூசெர்னையோ வற்புறுத்தவில்லை. ரோமில் ஆறு இரவு, வெனிஸில் நான்கு இரவு என்று ஒரே நாட்டில் முடிக்கும் பயணம் மிக நல்ல பயணம். வெனிஸில் நான்கு இரவு இருந்தால் முதல் நாள் பெட்டியைச் சேர்த்துவிட்டு மூன்று நாள் நீர்ப்பஸ்ஸில் உட்கார்ந்தே ஊரைச் சுற்றலாம். விதி இதுதான்: ஓர் ஊரைச் சேர்க்க வேண்டும் என்றால் ஓர் ஊரை எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியே உட்கார்ந்து, தான் கட்டாயம் பார்க்க விரும்பும் மூன்றை மட்டும் எழுதிப் பாருங்கள். நீண்ட திட்டங்களில் பாதி ஊர், அதை அடுத்தவர் விரும்புவார் என்று ஒருவர் நினைத்துக்கொண்டதால் சேர்ந்தது. இரண்டு சீட்டையும் அருகருகே வைத்தால் மையமாக எந்த இரண்டு மூன்று ஊர் வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இது கடைசிப் பயணம் என்று அவ்வளவு உறுதியாக நினைக்கவும் வேண்டாம். இந்தியர்களுக்கான ஷெங்கன் விசா விதிகள் 2024 ஏப்ரலில் தளர்ந்திருக்கின்றன. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று விதிமீறல் இல்லாமல் பயன்படுத்தியவர்களுக்கு, பலமுறை போய்வரும் இரண்டு ஆண்டு விசாவும், அதன் பின் ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்க வழி இருக்கிறது. முதல் பயணத்தில் தெம்போடு திரும்பியவர்களுக்குத்தான் இரண்டாவது பயணத்தைப் பற்றி நினைக்க மனம் வரும். முதல் பயணத்திலேயே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, படுக்கையில் விழுந்து எழுந்தவர்களின் பிள்ளைகள் அடுத்த முறை அனுப்பவே மாட்டார்கள்.

ஆகவே டிக்கெட் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் திட்டத்திலிருந்து ஏதாவது இரண்டு நாளை, எந்த இரண்டு நாளாக இருந்தாலும், அடித்துவிட்டுப் பாருங்கள். மிச்சமுள்ள ரயிலும் விடுதியும் விமானமும் அப்படியே நிற்கின்றனவா? நின்றால் தயங்காமல் பதிவு செய்யுங்கள். நிற்கவில்லை என்றால் ஓர் ஊரை எடுத்துவிட்டு, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.